பாலிசியில் பேத்தியின் பெயர்

இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவனிடம் யாரும் நாட்டு நடப்பு கேட்பதில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "சார், ரின்யூவல் வருது, எந்தக் கம்பெனியில கம்மியா இருக்கும்?" கம்மி, கம்மி, கம்மி! பாயசம் வருவதற்குள் நாலு பேர் இதையே கேட்டுவிடுவார்கள். "இந்தப் பாலிசி எதுக்கெல்லாம் பணம் தரும், எதுக்குத் தராது?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு கார் இன்சூரன்ஸ் என்பது செக்கிங்கில் போலீஸ்காரர் கை நீட்டினால் கொடுப்பதற்கான ஒரு காகிதம். இப்போது அதுவும் செல்போனுக்குள் போய்விட்டது.

அதனால் போன மாதம் என் மாப்பிள்ளை கேட்ட கேள்வி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேத்திக்குச் சித்திரையில் பதினெட்டு முடிந்தது. பிளஸ் டூ பரீட்சையும் முடிந்து, கல்லூரி திறக்கும்வரை வீட்டில் சும்மா இருக்கிறாள். எல்.எல்.ஆர். போட்டாயிற்று. டிரைவிங் ஸ்கூலுக்கும் போகிறாள். சாயங்காலத்தில் வீட்டுக் காரிலும் பழகட்டும் என்று முடிவாகியிருக்கிறது. "மாமா, நம்ம வண்டி இன்சூரன்ஸ்ல பாப்பா பேரைச் சேர்க்கணுமா?"

"வேண்டாம்" என்றேன். "அப்ப கவலையில்ல" என்று எழுந்தார். "மாப்பிள்ளை, உட்காருங்க. இனிமேதான் கவலையே" என்றேன்.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் இந்த வருடமோ அடுத்த வருடமோ இந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

நம் நாட்டில் கார் இன்சூரன்ஸ் வண்டிக்கு எடுப்பது, ஓட்டுகிற ஆளுக்கு அல்ல. பிரீமியம் எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? இன்ஜின் எத்தனை சி.சி., வண்டிக்கு எத்தனை வயது, இன்றைய மதிப்பு என்ன, சென்னை மாதிரிப் பெருநகரத்தில் பதிவானதா, எங்கள் திருச்சி மாதிரி ஊரில் பதிவானதா. அவ்வளவுதான். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணத்தில் 1000 முதல் 1500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய். ஓட்டுவது நாற்பது வருட அனுபவமுள்ள நானாக இருந்தாலும், நேற்று கிளட்ச் எது பிரேக் எது என்று கற்றுக்கொண்ட என் பேத்தியாக இருந்தாலும் அதே 3,416தான். பேத்தி ஓட்டப் போகிறாள் என்பதற்காக ஒரு பைசா கூடாது. ஆகவே கம்பெனியிலிருந்து யாரும் போன் செய்து "உங்க வீட்டுல புதுசா யாராவது ஓட்டுறாங்களா?" என்று கேட்கப் போவதில்லை. எங்கள் காலத்து புரொபோசல் பாரத்தில் யார் ஓட்டுவார்கள், வயது என்ன, முன்பு விபத்து உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். அதை ஏஜென்ட்டே கோடு போட்டு நிரப்பிவிடுவார். கையெழுத்து மட்டும் கஸ்டமருடையது.

அப்படியானால் யார் ஓட்டினாலும் பணம் வரும் என்றுதானே அர்த்தம்? இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பாலிசியில் 'டிரைவர்' என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். சர்டிபிகேட்டிலேயே அச்சாகியிருக்கும், ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சொந்தக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் ஓட்டும் நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று அது சொல்லும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதியை அனுசரிக்க வேண்டும் என்று அடுத்த வரி சொல்லும். பேத்தியின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்த வரி. அவளுக்கான இடம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. இனிமேதான் கவலை என்று சொன்னதற்கும் இதே வரிதான் காரணம்.

அந்த 3-வது விதி பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. பழகுகிறவரிடம் நடப்பிலுள்ள எல்.எல்.ஆர். இருக்க வேண்டும். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பில் 'எல்' போட்டிருக்க வேண்டும். படிக்க எளிது. நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறு மாதம். வாங்கிய முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். காலேஜ் திறந்துவிடும், பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விடும், தீபாவளிக்கு வந்து வண்டியை எடுக்கும்போது எல்.எல்.ஆர். செத்துப் போயிருக்கும். யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னொன்று, பிள்ளைகள் ஸ்கூட்டருக்கு மட்டும் எல்.எல்.ஆர். போட்டிருப்பார்கள். "அவன்தான் எல்.எல்.ஆர். வச்சிருக்கானே" என்று அப்பா காரைக் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதத்தில் எந்த வகை வண்டி என்று எழுதியிருப்பதை ஒரு தடவை வாசித்தால் போதும்.

பக்கத்தில் உட்காருகிறவர் விஷயம் இதைவிட மோசம். பெரும்பாலும் வீட்டில் ஓய்வாக இருக்கிற தாத்தாவை உட்கார வைப்பார்கள். தாத்தாவின் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா? ஐம்பத்தைந்தைத் தாண்டி லைசென்ஸைப் புதுப்பித்தவர்களுக்கு ஐந்து வருடம்தான் தருகிறார்கள், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். நம் வயதுக்காரர்களில் பத்துப் பேரின் பர்ஸைத் திறந்து பார்த்தால் இரண்டு பேருடையதாவது காலாவதியாகி இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். என்னுடையது வரும் தை மாதம்வரை இருக்கிறது, இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு வேடிக்கை பாருங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டு 'கூட இருப்பது' கணக்கில் வராது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். நம் வண்டியில் நடுவில் இருக்கும் ஹேண்ட்பிரேக்தான் கதி. இப்போது வரும் புது கார்கள் சிலவற்றில் அதுவும் ஒரு பொத்தானாகிவிட்டது. அதை அவசரத்தில் எப்படிப் பிடிப்பது என்று வண்டி நிற்கும்போதே ஒரு தடவை பழகிக்கொள்வது நல்லது.

'எல்' போர்டு ஒட்டுவதில் நம் ஆட்களுக்கு ஏனோ ஒரு கூச்சம். ஒட்டினால் பின்னால் வருகிறவன் கூடுதலாக ஹாரன் அடிக்கிறானாம். அதற்குப் பயந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கறுப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது என்று விதியில் அளவே போட்டிருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும்.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், இதற்காகவா கம்பெனிக்காரன் பணத்தை நிறுத்துவான் என்று மாப்பிள்ளையும் கேட்டார். இந்த இடத்தில் கம்பெனியின் பக்கமும் நியாயம் பேச வேண்டும், நீதிமன்றத்தின் பக்கமும் பேச வேண்டும். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஸ்வரண் சிங் வழக்கு என்றால் எங்கள் துறையில் பியூன்கூடத் தெரிந்து வைத்திருப்பார். எல்.எல்.ஆரும் முறையான லைசென்ஸ்தான், அதைக் காரணம் காட்டிக் கம்பெனி தப்பிக்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. லைசென்ஸ் விஷயத்தில் தவறு நடந்தது என்று கம்பெனி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனிக்குத்தான் என்றது. எல்.எல்.ஆர். பிள்ளைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இன்னொன்றும் அதில் இருந்தது. தவறு நிரூபணமானாலும் அடிபட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது, அவருக்குக் கம்பெனி பணம் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடலாம் என்றது. அடிபட்டவருக்கு இது நியாயம்தான். வண்டிக்காரர் வீட்டில்தான் இதன் பாரம் இறங்கும்.

எவ்வளவு பாரம் என்று பாருங்கள். முப்பது வயது மனிதர், சொந்தமாக ஒரு சின்னக் கடை, மாதம் 25,000 வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். விபத்தில் அவர் இறந்துவிட்டால் தீர்ப்பாயம் போடும் கணக்கு கிட்டத்தட்ட இப்படி இருக்கும். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 35,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 26,250. பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 3,15,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக 53,55,000 ரூபாய். ஈமச் செலவு முதலான சில்லறைத் தொகைகளும் வட்டியும் தனி. இந்த 17, இந்த 40 எல்லாம் நான் சொல்வதல்ல, உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் கொடுத்த தீர்ப்புகளில் உள்ளவை. 3,416 ரூபாய் கட்டினவருக்காகக் கம்பெனி இந்த ஐம்பத்து மூன்று லட்சத்தைத் தர வேண்டும், தரும். உயிருக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. அதே பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்டால்?

கேட்பார்களா என்றால், கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. ஒரு சின்ன ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்குக் காரைக் கொண்டுவருவது அவன் வேலை. மொபெட்டில் வந்த கொத்தனார் ஒருவர் மேல் இடித்துவிட்டான், அவர் இறந்துபோனார். கிளெய்ம் பாரத்தில் டிரைவர் என்ற இடத்தில் கடையின் லோடு வண்டி டிரைவர் பெயரை எழுதிக் கொண்டுவந்தார்கள். யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆரில் பையனின் பெயர் ஏறியிருந்தது, டீக்கடையில் நின்ற நாலு பேர் சாட்சி சொன்னார்கள். கடைசியில் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த மனையை விற்றுக் கட்டினார். பணத்தைக் கட்ட வந்த அன்று என் மேஜை முன்னால் உட்கார்ந்து, "இன்சூரன்ஸ் ஒரு வருஷம்கூட விடாம கட்டிருக்கேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், ஒரு வருடம்கூட விடவில்லை.

பதினெட்டு ஆகாத பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. காருக்கு எல்.எல்.ஆரே அந்த வயதில் கிடையாது, ஆகவே பேச்சுக்கே இடமில்லை. 2019 செப்டம்பர் முதல் சட்டமும் கடுமையாகிவிட்டது. பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம்வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் இல்லை. "எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்" என்பதும் எளிதில் எடுபடாது. 2011-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் மோட்டார் சைக்கிள்காரர் அதைத்தான் சொன்னார். வண்டி தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். சாவி மாட்டும் ஆணியைக் கொஞ்சம் உயரத்தில் அடிக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் பிறருக்கு நேரும் கஷ்டத்தைப் பற்றி. மாப்பிள்ளை அடுத்து ஒன்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. நானே சொன்னேன். "நம்ம பாப்பாவுக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"அதான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே மாமா?"

ஃபுல் இன்சூரன்ஸ்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். பாலிசியை நாமாகப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று துண்டுகள் உண்டு. நாம் பிறருக்குச் செய்த தீங்குக்கு ஒன்று. நம் வண்டியின் தகரத்துக்கு ஒன்று. மூன்றாவதாகச் சொந்தக்கார ஓட்டுநருக்கு விபத்துக் காப்பீடு. முன்பு காருக்கு 2 லட்சமாக இருந்ததை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். அந்த 15 லட்சம் யாருக்கு? ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே லைசென்ஸும் வைத்திருந்தால், அவருக்கு மட்டும். எங்கள் மாப்பிள்ளையின் கார் அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு 15 லட்சம் உண்டு. அதே ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அவருடைய மகளுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அவள் தப்பாலேயே அவளுக்கு அடிபட்டால் மூன்றாம் நபர் துண்டிலிருந்தும் வராது. சொந்தக்காரரிடம் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார் என்று நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறது. நம் ஊரில் ராசிக்கும் வரிக்கும் என்று காரை மனைவி பெயரில் வாங்குகிறார்கள். அந்த அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்காது. அந்த வீட்டில் யாருக்குமே இந்த மூன்றாவது துண்டு இல்லை.

வண்டியின் பம்பருக்குக் காப்பு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு இடத்தில்தான். சர்வீஸில் இருந்தபோதும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். கட்டாயக் காப்பீடு என்று ஒன்றை வைத்தால் அது ஆர்.சி. புத்தகத்தின் பின்னால் போகக் கூடாது, டிரைவர் சீட்டின் பின்னால் போக வேண்டும். அந்த வீட்டில் முறையான லைசென்ஸோ எல்.எல்.ஆரோ வைத்துக்கொண்டு அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குச் சேர வேண்டும். இன்னும் சில நூறு ரூபாய் கூடுமா? கூடட்டும்.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். பதினெட்டு ஆன பிள்ளைக்கு வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஒரு மசால் தோசை விலைகூட இல்லை. அது போதாது, ஆனாலும் முதலில் அதைப் போடுங்கள். அதற்கு மேல் தனிநபர் விபத்து பாலிசி தனியாக எடுக்கலாம். எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 2021-ல் 'சரல் சுரக்ஷா பீமா' என்று ஒன்றை ஆணையம் கொண்டுவந்தது, பதினெட்டு வயதிலிருந்து எடுக்கலாம், இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடிவரை. இதில் கை போனால், கால் போனால், நடமாட முடியாமல் போனால் என்று உடல் ஊனத்துக்கு என்ன தருகிறார்கள் என்பதைப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு மரணத் தொகையைவிட அதுதான் முக்கியம். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. ஆனால் இந்த வேலையில் இருந்தவன் கூசிக்கொண்டிருக்க முடியாது.

சின்னச் சின்ன இடி விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழகும்போது கேட்டில் உரசாமல் யாரும் பழகியதில்லை. உடனே கிளெய்ம் போட ஓடாதீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். முன் பம்பர் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் பாதி, ஆகவே கம்பெனி கணக்கில் 3,000. கட்டாயக் கழிவு 1,000 போனால் கையில் வருவது 2,000. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்ததால் உங்களுக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால் இப்போது 4,000 கட்டுகிறீர்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம், முழு 8,000. பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படியேறி 50-ஐத் தொடுவதற்குள், பிரீமியம் மாறாமல் இருந்தாலே, மொத்தம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். 2,000-க்காக 10,000. 'பம்பர் டு பம்பர்' எடுத்திருந்தால் தேய்மானம் மிச்சம், போனஸ் போவது போவதுதான், அதற்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால் ஒழிய. பழகுகிற ஆறு மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டுத் தனியே வைத்துவிட்டால் மனைவியிடமும் மகளிடமும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. ஆனால் ஒரு ஆளுக்கு அடிபட்டால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரி, போலீஸ், கம்பெனி, மூன்றுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும், ஓட்டியது யார் என்பதை உள்ளபடி.

என் தங்கை மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அவனுடைய பையனுக்குப் பதினேழு முடிந்ததும் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார்கள். காரின் விலையும் முதல் வருடப் பிரீமியமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததாம். "கொள்ளையடிக்கிறாங்க மாமா" என்று போனில் புலம்பினான். அங்கே பிரீமியம் ஆளைப் பார்த்துப் போடுவது. பழகும் பிள்ளையின் பெயரைப் பாலிசியில் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் காப்பே இல்லை. பக்கத்தில் உட்காருகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வண்டியில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்திக்கொண்டால் பையன் எப்படி பிரேக் போடுகிறான், எத்தனை வேகத்தில் போகிறான் என்று கம்பெனி பார்த்துக்கொண்டே இருக்கும், ஒழுங்காக ஓட்டினால் சலுகை. பணம் மிச்சம் பிடிக்க அப்பா தன்னையே முக்கிய ஓட்டுநர் என்று எழுதிக்கொடுப்பதும் உண்டு. அதற்கு 'ஃபிரண்டிங்' என்றே பெயர், அங்கே அது மோசடிக் குற்றம்.

கொள்ளைதான். ஆனால் அந்தக் கொள்ளை ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வீட்டில் ஒரு மாதம் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. யார் கூட உட்காருவது, ராத்திரி ஓட்டலாமா, நண்பர்களை ஏற்றலாமா என்றெல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்களாம். பிரீமியம் பையனின் வயதைக் கேட்டது, அதனால் வீடும் கேட்டது. இங்கே பிரீமியம் கேட்பதில்லை, அதனால் சாவி பேச்சில்லாமல் கை மாறிவிடுகிறது.

அதனால்தான் நான் சொல்கிறேன், நம் ஊரிலும் 25 வயதுக்குக் கீழே ஓட்டுகிறவர் உள்ள வீட்டுக்குப் பிரீமியம் கொஞ்சம் கூட வேண்டும். இங்கிலாந்து மாதிரி கழுத்தை நெரிக்க வேண்டாம், ஆயிரம் ரூபாய் போதும். அந்த ஆயிரத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் விபத்துக் காப்பும் சேர்த்துக் கொடுக்கட்டும். மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாரும் பொய் சொல்லுவாங்க மாமா, யாரு நிஜத்த எழுதப் போறா?" என்றார். பொய் சொல்வார்கள்தான். ஜவுளிக்கடைக்காரரின் கிளெய்ம் பாரத்தைப் பார்த்தவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் ரின்யூவல் பாரத்தில் 'உங்கள் வீட்டில் யார் ஓட்டுகிறார்கள், வயது என்ன' என்று ஒரு கேள்வி இருந்து, அதற்கு ஒரு பதிலைத் தன் கையால் எழுத வேண்டியிருந்தால், எழுதுகிற அந்த அரை நிமிடமாவது ஒரு அப்பா யோசிப்பார். 2022-லிருந்து எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்று பார்த்துப் பிரீமியம் போட ஆணையம் அனுமதி கொடுத்திருக்கிறது. யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்க இன்னும் எத்தனை வருடமோ.

மாப்பிள்ளை நான் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. பேத்தியின் வங்கிக் கணக்கில் 20 ரூபாய்த் திட்டத்தைப் போட்டாயிற்று, தனிநபர் விபத்து பாலிசி பத்து லட்சத்துக்கு எடுத்தாயிற்று. அதை நான்தான் கட்டினேன், பிறந்தநாள் பரிசு என்று சொல்லி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, செல்போன் எதிர்பார்த்திருப்பாள் போல. 'எல்' போர்டு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கிறது. எல்.எல்.ஆர். முடியும் தேதியைப் பிரிட்ஜ் கதவில் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்து சீட்டில் என் மகள் உட்காருகிறாள், வீட்டில் பொறுமை உள்ள ஒரே ஆள் அவள்தான். மாப்பிள்ளை முதல் நாளே கத்தியதால் நீக்கப்பட்டார். எனக்குப் பின் சீட், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. காலை ஆறு மணிக்கு எங்கள் காலனியின் பின்பக்க ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது, பால்காரர் மட்டும்தான். அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். இதுவரை ஒரு பூந்தொட்டி போயிருக்கிறது. மூன்றாவது கியர்வரை நன்றாக வருகிறது. ரிவர்ஸ் இன்னும் வரவில்லை.